மச்சானின் ஜில் கால்!

வேங்கிக்காலில் குடியிருப்பதில் இரண்டு வசதிகள் ஸார். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க பஸ் ஏற வேண்டாம். பௌர்ணமிக்கு கிரிவலம் போகவும் பெரிதாக மெனக்கெட வேண்டாம். இந்த இரண்டாவது வசதியில்தான் என் மாமா மகனின் குட்டு வெளிப்பட்டது.

எங்கள் இருவருக்கும் வயது 38. பத்தாம் வகுப்பில் பீடி பிடிக்கக் கற்றுக்கொண்டதும் ஒன்றாகத்தான். அவன் பீடியிலேயே நின்றுவிட்டான். நான் பி.காம். முடித்ததால் ஃபில்டர் சிகரெட்டுக்கு பிரமோஷன்!

14 கிலோமீட்டரை அலட்டாமல் சுற்றுகிறவன், போன வருஷம் அக்னி லிங்கம் தாண்டியதுமே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகும். நடந்தால் மறுபடி பிடிக்கும்.

"யம லிங்கம் வரைக்கும்கூட வர முடியலை மாப்ளே."

"அவசரமில்லை மச்சான், அவரே வருவார்" என்று ஜோக்கடித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறு மாதத்தில் கட்டைவிரல் நுனி கறுத்தது. படுத்தால் வலி உயிர் போகும். காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் தேவலை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே ராத்திரியைக் கழிக்கிறான் என்று அவன் சம்சாரம் அழுதபிறகுதான் வேலூருக்கு இழுத்துப் போனேன்.

"சுகர்தானே டாக்டர்?"

"சுகர் நார்மல். இது பீடி."

பர்கர் நோயாம். தின்கிற பர்கர் இல்லை ஸார். லியோ பர்கர் என்ற நியூயார்க் டாக்டர், வெட்டி எடுக்கப்பட்ட 11 கால்களை ஆராய்ந்து 1908-ல் எழுதிவைத்தது. புகையிலைக்காரர்களுக்கு, அதுவும் பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு வருகிறது. கை, கால்களின் சின்ன, நடுத்தர ரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது.

வலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியம், இடுப்பில் ஊசி! 'கால் வலிக்கு இடுப்பிலா?' என்று நான் விழித்ததைப் பார்த்து விளக்கினார். முதுகெலும்புக்கு முன்புறம் ஓடும் ஒரு நரம்புச் சங்கிலிதான் கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கிறது. எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், அது ஒரு கஞ்ச அக்கவுன்டன்ட். கம்பெனியே திண்டாடும்போது பெட்டி கேஷையும் இறுக்கிப் பிடிப்பவர். மரப்பு மருந்து போட்டு அவரை லீவில் அனுப்பினால், அடைபடாத சின்னக் குழாய்கள் விரியும். வலிச் செய்தி போகும் வழியும் ஓரளவு அடைபடும்.

மச்சானைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே நீள ஊசியை இறக்கினார்களாம். வெளியே கொண்டுவந்ததும் பாதத்தைத் தொட்டேன். வலது பாதம், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் மாதக்கணக்கில் ஜில்லென்று இருந்த கால், இடது பாதத்தைவிடக் கதகதப்பாக இருந்தது! மச்சான் வலிக்காமல் காலை நீட்டிப் படுத்திருந்தான். பேசிக்கொண்டே இருந்தவன் பாதி வாக்கியத்தில் குறட்டை விட்டான்.

மரப்பு மருந்தின் பலன் சில மணி நேரம்தான். அது பலித்ததால் அடுத்து ஃபீனால் போட்டார்கள். அது சில மாதங்கள் தாங்கும். எல்லோருக்கும் பலிக்கும் என்றில்லையாம்.

"அடைப்பு அப்படியேதான் இருக்கு. ஊசி வலிக்குத்தான். தினம் ஒண்ணு, ரெண்டு பிடிச்சாலும் நோய் நிக்காது. காலை எடுக்கவேண்டி வரும். குட்காவும் கூடாது" என்றார் டாக்டர். சொன்னது மச்சானிடம். பார்த்தது என் சட்டைப் பையை. உள்ளே நாலு மிச்சம் இருந்தது.

வெளியே வந்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி: "மாப்ளே, கடைசியா ஒரே ஒரு தம்?"

நாலையும் அவன் கண்ணெதிரே நசுக்கி சாக்கடையில் போட்டேன். ஏதோ வீரத்தில் செய்துவிட்டேனே தவிர, திருவண்ணாமலை வரும்வரை பஸ்ஸில் எனக்குத்தான் கை நடுங்கியது. இது நடந்து ஐந்து மாதமாகிறது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். ஆனால் பிடிக்கவில்லை.

மச்சானுக்குக் கட்டைவிரல் நுனி மட்டும் போனது. போன பௌர்ணமி ராத்திரி போன் செய்தான்.

"மாப்ளே, யம லிங்கத்துக்கிட்ட உட்கார்ந்திருக்கேன். நடுவுல ரெண்டே தடவைதான் நின்னேன்!"

"யமன் என்ன சொன்னார்?"

"சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்டா. ஒண்ணும் இல்லைன்னதும், போய்ட்டு வான்னுட்டார்!"