சுருங்கிய நீர்

நீரை அமுக்கிச் சுருக்குதல் அரிது என்பதைப் பௌதிக வகுப்பிலே எம் ஆசிரியர் பன்முறை எழுதுவித்தார். எழுதினோம், விளங்கிக்கொண்டோமில்லை. அசைவுப்படமொன்றிற்காகக் கணினியிலே குவளை நீர் வார்க்க முற்பட்டபோதே அதன் பொருள் உறைத்தது.

பாய்பொருளைத் துணிக்கைகளாகக் கொண்டு கணிக்கும் இம்முறையை 1977இல் வகுத்தோர் விண்மீன் ஆராய்ச்சியாளர். விண்ணிலுள்ள வாயு சுருங்கலாம்; குவளை நீர் சுருங்கலாகாது. யாம் வார்த்த நீரோ பஞ்சுபோல் அமிழ்ந்து துள்ளிற்று. அமுக்கத்தைக் கூட்டினோம், துணிக்கைகள் வெடித்துச் சிதறின. காலத்தை மிகச் சிறு படிகளாக நறுக்கினோம். விடியுமட்டும் கணித்தும் சில விநாடிப் படமே கிடைத்தது.

துணிக்கைக்கு அயலவரைத் தேடுவதிலே பொழுது கழிந்தது வேறு கதை. 10,000 துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிடின் ஏறக்குறைய 10 கோடி ஒப்பீடுகள்! வெளியைச் சிற்றறைகளாக வகுத்தபின், தன்னறையையும் சூழ்ந்த 26 அறைகளையும் பார்த்தலே போதுமாயிற்று.

இறுதியிற் கைகொடுத்தது சூரிச் பல்கலைக்கழகத்துச் சொலென்தாலரும் பஜரோலாவும் 2009இல் வெளியிட்ட முறை. துணிக்கை செல்லுமிடத்தை முன்னரே மதித்து, அங்கே அடர்த்தி மிகுமாயின் அமுக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவது அது. படிதோறும் வேலை கூடும். படியோ பன்மடங்கு நீளும். அதன்படி மீண்டும் எழுதினோம். வார்த்த நீர் குவளையில் அளவு குன்றாது நின்றது. அதனைக் காண எம் ஆசிரியர் இன்றில்லை.