மழை மலையாகாமல்

சென்னை சாலிகிராமத்தில் ஒரு குறுக்குத் தெரு. படிக்கட்டடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினேன். ஸ்டூடியோவின் இரட்டைக் கதவு சாத்தியதும் தெருவின் ஆட்டோ இரைச்சல் அறுந்துபோனது. உள்ளே சுவரில் எச். ஸ்ரீதரின் படம். ‘மகாநதி’ படத்தின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2008இல் மறைந்தார். எனக்கு வேலையைக் காட்டச் சம்மதித்த இன்ஜினியர் அண்ணன் அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் 48 டிராக்குகள். கிராமியப் பாட்டு. பெண் குரல், நாதஸ்வரம், இரண்டு தவில், வயலின்கள், பேஸ் கிட்டார். உதவியாளர் தம்பி காலையிலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு, பாடகியின் இருமலையும் நாற்காலிக் கிறீச்சையும் வெட்டி எடுத்திருந்தான். “அரிசியில கல் பொறுக்குற வேலை சார்” என்றான்.

“அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா வாசிக்கணும். தவில்காரரை மூலைக்கு அனுப்புவாங்க, புல்லாங்குழலை மைக் கிட்ட உட்கார வெப்பாங்க. பேலன்ஸுன்னா நாற்காலியை நகர்த்துறதுதான். இப்ப நாற்காலிக்குப் பதிலா, சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடர்” என்றபடி அண்ணன் பாட்டை ஓடவிட்டார்.

சரணத்தில் ஓரிடத்தில் என் காது தடுக்கியது. பாடகி ‘மலை’ என்கிறாரே? பாட்டெழுதிய காகிதத்தில் ‘மழை’ என்றிருந்தது. அண்ணன் குரலை மட்டும் தனியாகப் போட்டார். சுத்தமான ழகரம். நாதஸ்வரம் சேர்ந்ததும் மறுபடி ‘மலை’.

“குரலை ஏத்துங்களேன்” என்றேன்.

ஏற்றிக் காட்டினார். சொல் தெளிந்தது, ஆனால் பாடகி வாத்தியக்காரர்களை விட்டு எழுந்துவந்து என் மடியில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டே பழைய இடத்துக்கு இறக்கினார்.

ழகரத்தை லகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிக்கூறு ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. நாதஸ்வரத்தின் சீவாளி சீறுவதும் அங்கேதான். இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தால் பலசாலி முந்துகிறான். அண்ணன், குறிப்பிட்ட அலைவெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவில், நாதஸ்வரத்துக்கு 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபல் குறைத்தார். அதுவும் குரல் ஒலிக்கும் நேரத்தில் மட்டும் குறையும்படி. பாடகி மூச்சு வாங்கினால் நாதஸ்வரம் முழு உடம்போடு திரும்பிவிடும். ‘மழை’ வந்தது.

பிறகு கம்ப்ரஸர். கத்துகிற எழுத்தை அமுக்கியது. அப்படியும் வரியின் கடைசிச் சொற்கள் தேய்ந்தன. ஒவ்வொன்றையும் தேடி, கையால் ஒரு டெசிபல், அரை டெசிபல் என்று தூக்கினார். ஒரு சரணத்துக்கு முக்கால் மணி நேரம். தெருப்பக்கம் போய்வந்து, காதை ஆறவிட்டுத் தொடர்ந்தார்.

அதன்பின் அவர் ஒலியைக் கிசுகிசுப்பளவுக்கு இறக்கியது எனக்கு விசித்திரமாகப் பட்டது. “சத்தமா வெச்சா எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும், தம்பி.” உண்மைதான். ஒலி குறையக் குறைய நம் காது கீழ்ஸ்தாயி ஒலிகளை அதிகமாக இழக்கிறது; ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து சொன்னது இது. சன்னமாக வைத்தும் சொல் கேட்டால், குரல் அதன் இடத்தில் இருக்கிறது.

கடைசியில் கைபேசியில் போட்டார். தவிலின் தொப்பிப் பக்கத்து அதிர்வு காணாமல்போய், வலந்தலையின் வெட்டு மட்டும் மிஞ்சியது. பேஸ் கிட்டார் இருந்த சுவடே இல்லை. ‘மழை’ மட்டும் மழையாகவே இருந்தது.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார்: “நாதஸ்வரத்துல ஏதாச்சும் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுதா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லைண்ணே.”

“அப்ப முடிஞ்சுது” என்று ஃபைலைச் சேமித்தார்.