குர்துபாவில் நான்கு நாட்கள்

கணவனும் மனைவியுமாக ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் செல்வோர் பெரும்பாலும் பாரிஸ், இலண்டன், ரோம் என்றுதான் பட்டியலிடுகின்றனர். அந்நகரங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அன்பு வாசகர்களே, உங்களுக்கு வசதியும் வாய்ப்பும் அமையுமானால், ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஓர் ஆற்றங்கரையில் அமைதியாக வீற்றிருக்கும் குர்துபாவையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக் கொள்ளுங்கள். இன்று ஸ்பானியர் கொர்தோபா என்று அழைக்கும் அந்த நகரில் நானும் என் துணைவியாரும் நான்கு நாட்கள் தங்கினோம். கண்டவற்றையும் கருதியவற்றையும் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

மனைவியை அழைத்துக் கொண்டு ஊர் சுற்றுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு முறை நபியவர்கள் வென்று, அது முந்தியதற்கு ஈடு என்று மகிழ்ந்தார்கள். பூமியில் பயணம் செய்து, முன்னோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆனும் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. கடன் தீர்த்து, ஹஜ்ஜுக் கடமையை முந்தவைத்து, வீண் ஆடம்பரம் தவிர்த்துச் செல்லும் பயணம் குறை சொல்லத் தக்கதன்று.

சென்றடையும் வழி

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி மாட்ரிட் சென்றடையலாம். அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குர்துபா வந்துவிடும். 1992-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை அது. சன்னலுக்கு வெளியே மைல் கணக்கில் ஒலிவ மரங்கள் அணிவகுத்து ஓடுகின்றன. சூலை, ஆகஸ்டு மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆதலால் மார்ச் முதல் மே வரையோ, அக்டோபரிலோ செல்வது நலம்.

நகரைத் தழுவி ஓடும் ஆற்றின் பெயர் குவாதல்கிவீர். ‘அல்வாதி அல்கபீர்’, அதாவது ‘பேராறு’ என்ற அரபுச் சொல்லின் மரூஉ அது. ஸ்பானியர் எண்ணெயை ‘அசெய்தே’ என்கின்றனர், அரபியில் ‘அஸ்ஸைத்’. சர்க்கரை ‘அசூகர்’, அரபியில் ‘அஸ்ஸுக்கர்’. தலையணை ‘அல்மொஆதா’, அரபியில் ‘அல்மிகத்தா’. நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பும்போது ‘ஒஹலா’ என்கின்றனர். இறைவன் நாடினால் என்ற அரபு வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. ஆட்சி போய் நூற்றாண்டுகள் கழிந்தும் நாவில் மொழி நிற்கிறது! தெருவெங்கும் காய்த்துத் தொங்கும் ஆரஞ்சின் பெயர் ‘நரான்ஹா’. அரபு ‘நாரஞ்ச்’ வழியே வந்த அச்சொல்லின் மூலம் திராவிட மொழியாக இருக்கலாம் எனச் சொல்லாய்வாளர் கருதுகின்றனர். நம் வீட்டு நாரத்தங்காயை நினைத்துக் கொள்ளுங்கள்!

தூண்களின் தோப்பு

கி.பி. 750-இல் டமாஸ்கஸில் உமையாக்களின் ஆட்சி கவிழ்ந்தது. குடும்பத்தார் கொன்று குவிக்கப்பட, தப்பியோடிய இளைஞர் அப்துர் ரஹ்மான், வட ஆப்பிரிக்கா வழியாக 755-இல் அந்தலூஸ் மண்ணில் கால் வைத்தார். மறு ஆண்டே குர்துபாவின் அமீர் ஆனார். 785-ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய பள்ளிவாசலே உலகம் வியக்கும் குர்துபாப் பெரிய பள்ளி. அவ்விடத்தில் இருந்த தேவாலயத்தின் பகுதியைக் கிறிஸ்தவர்களிடம் விலை கொடுத்து வாங்கினார் என்று பழைய அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவருக்குப் பின் இரண்டாம் அப்துர் ரஹ்மானும், இரண்டாம் அல்ஹகமும், இறுதியில் 987-ஆம் ஆண்டு தொடங்கி அமைச்சர் அல்மன்சூரும் அதை விரிவுபடுத்தினர்.

ஆரஞ்சு மரங்கள் நிறைந்த முற்றத்தைக் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டும். ஒரு காலத்தில் மக்கள் ஒளூச் செய்த இடம் அது. உள்ளே நுழைந்ததும் கண்களுக்கு முதலில் இருள். பிறகு அந்த இருளிலிருந்து தூண்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. எண்ணூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள்! பளிங்கும், சூரியகாந்தக் கல்லும், கருங்கல்லுமாக, பழைய உரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்தவை பல. அவற்றின் உயரம் போதாமையால், ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவாக இரட்டை வளைவுகளை எழுப்பி, சிவப்புச் செங்கல்லையும் வெண்கல்லையும் மாற்றி மாற்றிப் பதித்துக் கூரையை உயர்த்தினர். எப்பக்கம் திரும்பினாலும் முடிவில்லாத பேரீச்சந்தோப்பில் நிற்பது போன்ற உணர்வு. குறையை அழகாக மாற்றிய அந்தக் கொத்தனார்களின் அறிவை என்னென்பது!

தென்சுவரில், அல்ஹகம் காலத்து மிஹ்ராப். பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த பொன்னிற ஓவிய வேலை. அதைச் சுற்றி கூஃபி எழுத்தில் இறைவசனங்கள். உள்ளே, கிளிஞ்சல் வடிவில் குடையப்பட்ட வெண்பளிங்குக் கூரை. அதன் முன்னே இரும்புக் கிராதி. பயணிகள் அதற்கு இப்பால் நின்று படம் எடுக்கின்றனர்.

1236-இல் காஸ்டில் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசல் தேவாலயமாக அர்ப்பணிக்கப்பட்டது. 1523-இல் தூண்களின் நடுப்பகுதியை இடித்து, அங்கே பெரியதொரு தேவாலய மண்டபத்தை எழுப்பத் தொடங்கினர். நகர மன்றத்தினரே அதை எதிர்த்தனர். இடிக்கும் வேலையில் கை வைப்போருக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தனர். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அனுமதியால் எதிர்ப்பு அடங்கியது. பின்னாளில் நேரில் வந்து பார்த்த பேரரசரே, ஈடில்லாத ஒன்றை அழித்துவிட்டீர்களே என்று வருந்தியதாகச் சொல்வர். பழைய மனாராவும் மணிக்கூண்டின் உள்ளே உறையிட்டதுபோல் ஒளிந்திருக்கிறது.

தொழுவதா, வேண்டாமா?

இப்போது அது கத்தோலிக்கத் தலைமைத் தேவாலயம். அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. கவிஞர் அல்லாமா இக்பால் 1933-இல் அங்குத் தொழும் வாய்ப்பைப் பெற்றார். ‘மஸ்ஜிதே குர்துபா’ என்னும் அவரது உருதுக் கவிதை அப்பயணத்தின் பயனே. பின்னாளில் ஸ்பெயின் முஸ்லிம் அமைப்புகள் முன்வைத்த வேண்டுகோள்களை ஆயர் ஏற்கவில்லை.

நாங்கள் மிஹ்ராபின் முன் நின்றபோது ளுஹர் நேரம். என் துணைவியார் கண் கலங்க அந்த எழுத்துகளைப் படித்துக் கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் இளைஞர்கள் சிலர், ஒரு தூணின் மறைவில் இரண்டு ரக்அத் தொழுதால் என்ன என்று ஆங்கிலத்தில் தமக்குள் பேசிக் கொண்டனர். அதைக் கேட்டதும் துணைவியார் என் பக்கம் திரும்பினார்.

“ஜெரூசலத்தில் உமர் (ரலி) அவர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே தொழச் சொல்லி அழைத்தார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்?” என்று கேட்டார்.

வாசகர்கள் அறிந்த வரலாறுதான். தாம் அங்கே தொழுதால், பின்வருவோர் அதையே காரணம் காட்டித் தேவாலயத்தை எடுத்துக் கொள்வர் என்று அஞ்சி, கலீஃபா அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள் என்பது நம் நூல்களில் காணப்படும் செய்தி.

“நிபந்தனைக்கு உடன்பட்டுத்தானே நாமும் நுழைவுச்சீட்டு வாங்கினோம்? வாக்கை மீறிவிட்டுத் தக்பீர் கட்டினால் மனம் எப்படி ஒன்றும்?” என்றார் அவர்.

நான் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் வெளியே வந்து, கொலோன் பூங்காவில் உள்ள சிறு பள்ளிவாசலை நோக்கி நடந்தோம். 1930-களின் உள்நாட்டுப் போரின்போது மொராக்கோ வீரர்களுக்காகக் கட்டப்பட்ட எளிய பள்ளி அது. பயணிகளுக்குரிய கஸ்ர் சலுகைப்படி இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். ஆயிரம் தூண் மாளிகையை இழந்த ஏக்கம் அந்தச் சிறு கூடத்தில் நின்றபோது பெரிதும் தணிந்தது.

இவ்விடத்தில் நீதியோடும் பேச வேண்டும். 997-இல் அல்மன்சூர், வடக்கே சந்தியாகோ தேவாலயத்தின் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் குர்துபாவுக்குக் கொணர்ந்தார். 1236-இல் பெர்னாந்தோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார் என்று வரலாறு கூறுகிறது. பிறர் தோளில் நாம் ஏற்றும் சுமை ஒருநாள் நம் பிள்ளைகளின் தோளுக்கே திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுதுகோல் ஏந்திய பெண்கள்

சகோதரிகளே, இந்த நகரில் உங்களுக்கென்று ஒரு செய்தி உண்டு. இரண்டாம் அல்ஹகமின் நூலகத்தில் நான்கு லட்சம் நூல்கள் இருந்தன என்றும், நூற்பெயர்ப் பட்டியலே 44 ஏடுகள் கொண்டது என்றும் பழைய ஆசிரியர்கள் எழுதினர். அவரது அவையில் எழுத்தராகப் பணியாற்றிய லுப்னா என்னும் பெண்மணி இலக்கணம், கணிதம், கவிதை ஆகியவற்றில் வல்லவர் என்று இப்னு பஷ்குவால் குறித்துள்ளார். நகரின் கீழைப் புறச்சேரியில் மட்டும் 170 பெண்கள் கூஃபி எழுத்தில் குர்ஆன் பிரதிகள் எழுதி வந்தனர் என்பது மற்றொரு குறிப்பு. பேரறிஞர் இப்னு ஹஸ்ம் தமக்குக் குர்ஆனையும் கவிதையையும் கையெழுத்தையும் கற்பித்தோர் பெண்களே என்று தாமே எழுதியுள்ளார்.

அறுவை மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அஸ்ஸஹ்ராவியும், தத்துவ மேதை இப்னு ருஷ்தும் உலாவிய தெருக்கள் இவை. யூத அறிஞர் மைமோனிதஸும் இங்கேதான் பிறந்தார். அவருக்கும் இப்னு ருஷ்துக்கும் இந்நகரில் சிலைகள் வைத்துள்ளனர். பெண்மக்களைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடும் பெற்றோர், இந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

அழிந்த மாளிகை நகரம்

மூன்றாம் நாள், மேற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவுக்குப் பேருந்தில் சென்றோம். தம்மைக் கலீஃபா என அறிவித்துக் கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-இல் எழுப்பத் தொடங்கிய மாளிகை நகரம் அது. ஸஹ்ரா என்ற தம் அன்புக்குரியவளின் பெயரை அவர் இதற்குச் சூட்டினார் என்பது கதை. எதிரே இருந்த கரிய மலையைக் கண்டு அவள் மனம் வருந்த, மலையெங்கும் வாதுமை மரங்கள் நடச் செய்தாராம். வசந்தத்தில் வெள்ளைப் பூக்கள் பனிபோல் பரவுமாம். கதை எவ்வாறாயினும், அந்தச் சரிவைப் பார்த்தபடி சற்று நேரம் அமர்ந்திருப்பது இதமாகவே இருந்தது.

ஆனால் இந்நகரம் வாழ்ந்தது எழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே. 1009-இல் வெடித்த உட்பகையில் முஸ்லிம் படைகளே இதைச் சூறையாடின. 1031-இல் கிலாஃபத்தும் முடிவுற்று, அந்தலூஸ் சிறு சிறு அரசுகளாகச் சிதறியது. பெர்னாந்தோ வந்தது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்! வெளிப்பகைவன் கதவைத் தட்டுமுன்பே வீட்டார் சுவரை இடித்துவிட்டனர். 2018-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நிலத்தடியில் இன்னும் பெரும்பகுதி புதைந்தே கிடக்கிறது.

செல்வோர் கவனத்திற்கு

பழைய நகரின் வீடுகள் வெளியே வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே பூந்தொட்டிகள் நிறைந்த முற்றம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய முற்றத்து வீடுகளில் வளர்ந்தோருக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. மே மாதத் தொடக்கத்தில் நடைபெறும் முற்றத் திருவிழாவில் வீட்டார் கதவு திறந்து எல்லோரையும் வரவேற்பர்.

உணவில் எச்சரிக்கை தேவை. ‘சல்மொரேஹோ’ என்னும் தக்காளிக் குழம்பு இவ்வூரின் சிறப்பு. ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிரக் குளிரத் தருவர். ஆனால் அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவுவது வழக்கம். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மொராக்கோ நாட்டவர் நடத்தும் ஹலால் உணவகங்களும் உண்டு. பெரிய பள்ளிக்குக் காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே செல்லுங்கள். கூட்டம் வருமுன் தூண்களிடையே அமைதியாக நடக்கலாம். மாலையில் உரோமானியர் காலத்துப் பாலத்தின் மறுகரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். பள்ளிச் சுவர் பொன்னிறமாக மின்னும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து அந்தலூஸ் வரலாற்றில் ஒரு நூலேனும் படித்துக் கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் பிள்ளைகளை உட்கார வைத்து, படங்களைக் காட்டுவதோடு நில்லாமல், அந்த மணிகளின் கதையையும், எழுதுகோல் ஏந்திய பெண்களின் கதையையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரவு உணவுக்குப் பின் அதுதான் பேச்சு. வல்ல அல்லாஹ் உங்களுக்கும் அந்நற்பேற்றை அருள்வானாக! ஆமீன்.