அகார் ஊற்றும் கை

சளிப்பூஞ்சைப் பரிசோதனை என்றாலே தட்டில் விரியும் மஞ்சள் வலையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் அதைப் பார்க்க பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது, வகுப்பறையை ஒட்டிய தயாரிப்பு அறையை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை.

ஆய்வக உதவியாளரான பெண்மணி, லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் அகார் என்னும் உறைபொருளைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார். வேறு எதுவும் கலப்பதில்லை. சத்துப்பொருள் சேர்ந்தால் பாக்டீரியாவும் பச்சைப் பூசணமும் முந்திக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் நீர் கோத்துத் தட்டில் சொட்டும். அதிகம் ஆறவிட்டால் குடுவையிலேயே உறைந்துவிடும். புறங்கையால் குடுவையைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் மளமளவென்று தட்டுகளில் ஊற்றினார். "பரப்பு மேடுபள்ளமாக இருந்தால், சளிப்பூஞ்சை ஏன் அந்தப் பக்கம் போனது என்று பிள்ளைகள் எதை வைத்துச் சொல்வார்கள்?" என்று கேட்டார். அந்த அக்கறைதான் இந்தப் பரிசோதனைக்கே அஸ்திவாரம் என்று நினைக்கிறேன்.

சளிப்பூஞ்சையை ஆராயும் உயிரியலாளர் ஓத்ரே துசூத்தூர் பணியாற்றுவதும் துலூஸில்தான். 2021-இல் பிரெஞ்சு விண்வெளி வீரர் தோமா பெஸ்கே பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இதை வளர்த்தபோது, தரையில் பிரெஞ்சுப் பள்ளிகளின் ஆயிரக்கணக்கான வகுப்புகள் அதே பரிசோதனையைச் செய்தன.

ஃபிசாரம் பாலிசெஃபாலம் என்ற இந்தச் சளிப்பூஞ்சை பெயரளவில்தான் பூஞ்சை. ஒரே செல், உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். மூளையோ நரம்போ கிடையாது. வடிதாளில் காய்ந்த பொருக்காக மாதக்கணக்கில் கிடக்கும். ஈரம் காட்டி இருட்டில் வைத்தால் விழித்துக்கொள்ளும். பிள்ளைகள் அதைத் தட்டின் நடுவில் வைத்து, சற்றுத் தள்ளி ஓட்ஸ் வைத்தார்கள். முதலில் அது எல்லாத் திசையிலும் விசிறியாகப் பரவுகிறது. உணவு தட்டுப்பட்டதும் அங்கே போகும் குழாய் தடிக்க, வெறுமனே நீண்ட கிளைகள் சுருங்கிப் பின்வாங்குகின்றன. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர் நாககாகியின் குழுவினர் புதிர்ப்பாதையின் இரு முனைகளிலும் ஓட்ஸ் வைத்தபோது, குறுகிய வழியை மட்டும் அது மிச்சம் வைத்ததும் இப்படித்தான்.

நுண்ணோக்கியில் ஒரு குழாயைப் பார்த்தேன். மஞ்சள் துகள்கள் ஒரே பக்கமாக விரைந்தன, மெல்லத் தயங்கின, நின்றன. பிறகு வந்த வழியே திரும்பி ஓடின. பக்கத்தில் ஒரு சிறுமி கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை திசை மாறுகிறது. உணவைத் தொட்ட பகுதியில் இந்தத் துடிப்பின் வேகம் கூடும். எந்தப் பாடப்புத்தகப் படமும் இந்த ஓட்டத்தைக் காட்டிவிட முடியாது; ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது கண்ணால் காண வேண்டியது இது.

ஒரு தட்டில் ஓட்ஸ் மீது பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. அதை வைத்திருந்த பையனுக்கு முகம் வாடிவிட்டது. "தேதி போட்டு, பார்த்ததை அப்படியே எழுது, கண்ணா. இதுவும் கணக்கில் சேரும்" என்றார் உதவியாளர். அவன் எழுதி முடித்த பிறகே தட்டைக் கழிவுப் பையில் போட்டார். அடுத்த குழுவுக்கான அகார் அதற்குள் அடுப்பில் ஏறியிருந்தது.