உம்மாவின் அறைத் தரை



அரபுக் கல்லூரியில் துப்புரவுப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். தண்ணீரின் வகைகள், நஜீஸின் வகைகள், அவற்றைக் கழுவும் முறைகள் என்று பாடம் போகும். பள்ளிவாசல் தரையில் சிறுநீர் கழித்துவிட்ட நாட்டுப்புறத்து அரபியின் சம்பவம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை யாரும் விரட்ட விடவில்லை, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் என்று முடிக்கும்போது அமைதியாகி விடுவார்கள். இத்தனை தடவை சொல்லிக் கொடுத்த எனக்கு அந்தப் பாடம் என் சொந்த வீட்டில்தான் விளங்கியது.

என் உம்மா நயினாதீவில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாணம் சோனகதெருவில். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டபோது எனக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போய்ச் சேர்ந்தோம். அங்கே கிடுகுக் கொட்டில். கீழே வெறும் மண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். பாய் நனையாமலிருக்க உம்மா அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்த இரவுகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. "மகன், ஈரமில்லாத ஒரு தரை கிடைச்சாப் போதும்" என்பார். அதைவிடப் பெரிய ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

யுத்தம் 2009 இல் முடிந்தது. சில வருடங்களுக்குப் பிறகு, உம்மாவின் வாப்பாவுடைய வளவில் சிறியதொரு வீடு கட்டத் தொடங்கினோம். தீவில் வீடு கட்டுவது எவ்வளவு சிரமம் என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும். சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றையும் குறிகட்டுவான் துறையில் இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றலுக்கும் இறக்கலுக்கும் கூலி உண்டு.

தரைக்கு என்ன போடுவது என்ற பேச்சு வந்தது. சீமெந்துத் தரை மலிவு. ஆனால் பார்வைக்கு வெறுமை என்றார்கள். டைல்ஸ் போட்டால் ஈரத்தில் வழுக்கும், உம்மாவின் முழங்காலுக்குக் குளிர் ஆகாது என்றார்கள். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி, "லமினேட் போடுவம். மரம் மாதிரியே இருக்கும், ஈரம் மேலே ஏறாது. காசு நான் தாறன்" என்றான். உம்மாவின் நெடுநாள் ஆசையை நிறைவேற்றுகிறோம் என்ற சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன். என் மனைவி மட்டும், "இதை எப்படிக் கழுவுறது?" என்று கேட்டார். கழுவத் தேவையில்லை, துடைத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதையே நானும் சொன்னேன். வீட்டைத் துடைக்கப் போகிறவர் கேட்ட கேள்வியை நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

லமினேட் என்பது முழு மரமல்ல. மரநாரை இறுக்கி அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள். அதற்கும் மேல் கண்ணாடி போன்ற உறுதியான மெல்லிய படை. சுவீடன் நாட்டில் 1977 இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1984 இல் பெர்கோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மேற்படை தண்ணீரைத் தாங்கும். ஆனால் பலகையும் பலகையும் சேரும் பொருத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் நடுப்பலகை ஊதிவிடும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

முதல் சில மாதங்கள் வீடு அழகாகத்தான் இருந்தது. அயலவர் வந்து பார்த்தார்கள். உம்மா வெறுங்காலோடு நடந்து நடந்து பார்த்தார். பிறகு தீவு தன் குணத்தைக் காட்டியது. கடற்கரை மணல் காலோடு வந்து கதிரைக் கால்களுக்குக் கீழே அரைபட்டுக் கீறல் விழுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலோரப் பலகைகளின் விளிம்பு தூக்கியது. சுவரோரம் விடவேண்டிய சிறு இடைவெளியைப் போட்டவர் விடாததால் நடுவில் ஓரிடம் மேடாகிவிட்டது. இதெல்லாம் பொருள் நட்டம்தான், பொறுத்துக்கொள்ளலாம். பெரிய நட்டம் வேறிடத்தில் இருந்தது.

உம்மாவுக்கு வயது போய், சிறுநீரை அடக்க முடியாத நிலை வந்தது. கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்குப் போவதற்குள் தரை நனைந்துவிடும். ஈரத் துணியால் துடைப்பதால் மட்டும் அந்த இடம் துப்புரவாகாது, நஜீஸை ஒற்றி எடுத்தபின் அதன்மேல் தண்ணீர் ஓட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். உம்மாவுக்கும் அது தெரியும். ஒருதடவை இருதடவை என்றால் கொஞ்சத் தண்ணீர் ஊற்றி உடனே ஒற்றி எடுக்கலாம். நாளுக்கு நாலைந்து தடவை ஊற்றினால் அந்தப் பலகை என்னாவது?

நான் வாரத்தில் பாதி நாள் யாழ்ப்பாணத்தில் கற்பிக்கப் போய்விடுவேன். ஒரு வியாழக்கிழமை படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். உம்மாவின் நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இவருக்கு யாரும் தண்ணீர் கொடுப்பதில்லையா?" என்று கேட்டார். எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. மனைவியிடம் சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் கண்கலங்கி, "வைக்கிற தண்ணி வைச்சபடி கிடக்கு. கேட்டால் தாகமில்லை எண்டு சொல்லுறா" என்றார்.

இரவு உம்மாவின் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி கடல் கடந்து உழைச்ச காசு மகன். நான் நனைச்சுப் பழுதாக்கிப் போடுவன் எண்டு பயமாக் கிடக்கு. குடிச்சாத்தானே போகும்?"

சகோதரிகளே! ஈரமில்லாத தரை கேட்ட ஒரு தாய்க்கு, அந்தத் தரையைக் காப்பாற்றத் தாகத்தை அடக்க வேண்டிய நிலையை நான் உண்டாக்கி வைத்திருந்தேன். ஒரு வாளித் தண்ணீரின் கதையை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன மௌலவியின் வீட்டில், தண்ணீர் ஊற்ற முடியாத ஓர் அறை!

மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்து பலகைகளைக் கழற்றினேன். ஒன்றோடொன்று கொளுவும் பலகைகள் என்பதால் கழற்றுவது கடினமாக இருக்கவில்லை. கீழே சீமெந்து கறுத்து ஈரமாக இருந்தது. மேசனைக் கூப்பிட்டு, வழுக்காத சீமெந்துத் தரை போட்டு, ஒரு மூலைக்கு இலேசான சாய்வு வைத்து, தண்ணீர் வெளியே போகக் குழாய் பதித்தோம். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் அழுதுவிட்டான். "முழு வீட்டையும் கழற்றுங்க காக்கா" என்றான். முன்னறையில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

புதிய தரை காய்ந்த அன்று, மனைவி உம்மாவின் கண்முன்னே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் மூலைக்கு ஓடி மறைந்தது. உம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தா புள்ள" என்றார்.

லமினேட் தரை கூடாத பொருள் என்று நான் சொல்லவில்லை. மாடி அறைக்கும், மணலும் மழையும் எட்டாத வீட்டுக்கும் அது நல்லதாகவே இருக்கலாம். போட விரும்புவோர் முன்கூட்டியே ஒரு பொலித்தீன் தாளைச் சீமெந்துத் தரையில் விரித்து, நாலு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி பிடித்தாலோ தரை கறுத்தாலோ அவசரப்படாதீர்கள். பலகைகளை அறைக்குள் இரண்டு நாள் வைத்திருந்து, சுவரோரம் ஒரு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். கதிரைக் கால்களுக்குத் துணி ஒட்டுங்கள். கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் அறைக்கும், வுளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில், அந்தத் தரையைத் துப்புரவாக்கப் போகிறவரிடம் கேளுங்கள்.

உம்மா அந்த அறையில் மேலும் இரண்டு வருடம் இருந்தார். மவுத்தானபோது அவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். நான் வெளியே நின்றேன். குழாய் வழியாகத் தண்ணீர் வளவுக்குள் ஓடி, தீவின் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

அல்லாஹ் அவரின் கப்றை விசாலமாக்குவானாக! நம் வீடுகளில் இருக்கும் பெற்றோர் எவரும் நமக்குப் பயந்து தாகத்தோடு இருக்காத வாழ்வை நமக்குத் தருவானாக! ஆமீன்.