கோஸ் தீவிற் கண்ட மூட்டு வைத்தியம்

கிரேக்க நாட்டுக்கு உரியதாயினும் துருக்கிக் கரைக்கு மிக அண்மையிற் கிடப்பது கோஸ் தீவு. வைத்தியத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த மண் அது. நகரக் கோட்டையின் அருகே, அவர் மாணாக்கருக்குப் பாடஞ் சொன்னதாகக் கூறப்படும் மரமொன்றைக் காட்டுகின்றனர். மரத்தின் வயது ஏறக்குறைய 500 ஆண்டு. அவர் வாழ்ந்ததோ கி. மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில்! ஆயினும், பொந்து விழுந்த அடிமரத்தையும் கிளைகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களையும் கண்டபோது, அக்கதையை அடியோடு தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து 4 கிலோமீற்றர் சென்று, அஸ்கிளேப்பியஸ் என்னும் வைத்தியத் தெய்வத்தின் ஆலயத்தை அடைந்தோம். சரிவிலே மூன்று தட்டுக்கள். அவற்றை இணைக்கும் கற்படிகள். இன்று காணும் கட்டடங்களும் ஹிப்போகிரட்டீசுக்குப் பிந்தியவையே. அவர் பெயரால் எஞ்சியவை கற்களல்ல, நூல்களே. மூட்டுக்களைப் பற்றியே தனி நூலொன்று உண்டு. (அவரே எழுதினாரா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை.)

இத்தகைய படிகளிற் கால் இடறி, கையை ஊன்றி விழுபவருக்கு முழங்கை விலகக்கூடும். வளர்ந்தோரின் பெரிய மூட்டுக்களுள் தோளுக்கு அடுத்தபடியாக விலகுவது இதுவே. பெரும்பாலும் முன்கை எலும்புகள் புயவெலும்புக்குப் பின்புறமாக நழுவும். எலும்புகளை இழுத்துப் பிரித்து, புடைத்து நிற்பதைத் தள்ளிப் பொருத்துமாறு அந்நூல் கூறுகிறது. அதனினும் எம்மைக் கவர்ந்தது வேறொன்று. முழங்கை விலகலில் ஒரு வகையை, வைத்தியர் உடனே வந்தால் இழுத்துப் பொருத்தலாம். காய்ச்சல் கண்டபின் தொடலாகாது என்கிறது. இழுக்கும் முறையோடு இழுக்கத் தகாத வேளையையும் எழுதி வைத்தார்களே!

இன்றும் இழுத்தே பொருத்துகின்றனர். ஆனால் அதற்குமுன் மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா, விரல்களில் உணர்ச்சி உண்டா என்று பார்ப்பர். எக்ஸ் கதிர்ப் படத்தில் முறிவைத் தேடுவர். நோவும் தசையிறுக்கமுந் தணிய மருந்து கொடுப்பர். பொருத்தியபின் மீண்டும் படம், மீண்டும் நாடி. எலும்பு முறிந்திருந்தாலோ, மூட்டு நிலைகொள்ளாவிடிலோ சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

சுளுக்கென்றெண்ணி எண்ணெய் தேய்த்து உருவும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. முழங்கையின் முன்னே கைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியும், அதை அடுத்து நரம்பும் ஓடுவதை அறிந்தால் அதற்குத் துணிய மாட்டார்கள். கையைக் கண்ட நிலையிலேயே தாங்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே வீட்டார் செய்யத்தக்கது. முறிவில்லாத விலகலுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரக் கட்டுப் போதும். மூன்று வாரத்துக்குமேல் அசையாது வைத்திருந்தால் முழங்கை இறுகி, கை முற்றாக நீளாமற் போகக்கூடும். ஆதலின் நோயாளி அஞ்சினாலும், வைத்தியர் குறித்த நாளில் மடக்கி நீட்டத் தொடங்கவே வேண்டும்.