பதினெட்டுக் கால் பூச்சி

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு இன்றோடு இலவசப் பராமரிப்பு முடிகிறது. என் பழைய மடிக்கணினி 11-ஐத் தாங்காதாம். மகன் வந்து லினக்ஸ் மிண்ட் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பேத்தி இரண்டாம் படிவம். பள்ளியில் ஆர்டுவினோவைத் தொட்டுப் பார்த்த தைரியத்தில் வாசல் தீபாவளி விளக்கைக் காட்டி, "தாத்தா, நான் பொறக்கிறதுக்கு முன்னயிருந்து இது ஒரே மாதிரி ஓடுது. மாத்துங்களேன்" என்கிறாள். விளக்கின் மூளை பிக் 16எஃப்84ஏ என்ற பதினெட்டுக் கால் சிப். அதன் நிரல் 2003-ல் அசெம்பிளியில் நான் எழுதியது. மொத்தமே 1,024 சொல் இடம். அதில் பாதியைக்கூட நான் நிரப்பவில்லை.

அக்டோபர் 16

சிப்பில் எழுதும் பழைய ஜேடிஎம் போர்டைப் பரணிலிருந்து இறக்கினேன். அதற்குத் தனி மின்சாரம் கிடையாது, சீரியல் போர்ட்டிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். சிப்பை எழுதும் நிலைக்குக் கொண்டுவர நான்காவது காலில் 13 வோல்ட் வாக்கில் வேண்டும். அந்தக் காலத்துக் கணினி போர்ட் பன்னிரண்டு வோல்ட் வரை கொடுத்தது; போர்டு மீதியைச் சமாளித்துக்கொண்டது. இப்போதைய யூஎஸ்பி மாற்றி ஐந்தாறில் நின்றுவிடுகிறது. அதோடு, ஒரு காலை ஏற்றி இறக்குவதற்கே யூஎஸ்பி வழியில் மில்லிசெகண்ட் கணக்கில் ஆகிறது.

லினக்ஸ் முதலில் போர்ட்டைத் திறக்கவே விடவில்லை. டயல்அவுட் குழுவில் என் பெயரைச் சேர்த்து, மறுபடி உள்ளே வந்து சிப்பைப் படித்தால் எல்லா முகவரியிலும் சுழியம். லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. விண்டோஸ் 98-ல் நிரல் நேரே போர்ட்டைத் தொடும். எக்ஸ்பி வந்து அதற்குக் கதவைச் சாத்தியது. குறுக்குவழி டிரைவர் போட்டு நுழைந்தோம். இப்போது கதவே இல்லை, சுவர்தான். சிப் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

செரி செத்தியாவில் கொம்யூட்டர் ரயில் ஏறி, அப்படி இப்படி மாறி ஜாலான் பாசாரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. கடைக்காரத் தவுக்கே என் சிப்பைப் பார்த்து, "வாஹ், இனி பாராங் லாமா", பழைய சாமான் என்று சிரித்தார். ஆனாலும் சிப்பில் எழுதும் கருவி, பிக்கிட் 2 வகை ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். இது கணினியிடம் தன்னை விசைப்பலகை, மௌஸ் சாதியாகவே சொல்லிக்கொள்ளும், டிரைவர் கேட்காது. 13 வோல்ட்டையும் தனக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளும். யார் யோசித்தார்களோ, அவர்கள் கைக்கு மோதிரம் போடலாம்.

பிக் சிப்பைச் செய்யும் மைக்ரோசிப் தன் எம்ப்ளாப் எக்ஸ் மென்பொருளில் 5.35 பதிப்புக்குப் பிறகு பழைய அசெம்ப்ளரை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் ஜிபியூடில்ஸ் இருக்கிறதே, பரவாயில்லை. நிரல், மஞ்சளேறிய அச்சுத்தாளில் மட்டும்தான் மிச்சம். பேத்தி உட்கார்ந்து தட்டினாள்.

அக்டோபர் 19, இரவு

எழுதியாகிவிட்டது. சாக்கெட்டில் சொருகும்போது ஒரு கால் உள்பக்கம் மடங்கிக்கொண்டது. இடுக்கி தேடிக்கொண்டிருந்தேன்.

"இங்க குடுங்க" என்றாள் மனைவி.

எண்பதுகளில் அவளுக்குச் சுங்கை வே ப்ரீ டிரேட் ஸோனில் ஒரு சிப் ஆலையில் பாண்டிங் வேலை. எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்புக்கும் காலுக்கும் இடையில் இணைக்கும் வேலை. அந்த ஸோனில் மோட்டோரோலா என்றிருந்த இடம் ஃப்ரீஸ்கேல் ஆகி, என்எக்ஸ்பி ஆகிவிட்டது; இவள் பார்வை மட்டும் மாறவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நகத்தால் காலை நிமிர்த்தினாள். சிப்பின் முதுகில் அச்சிட்ட எண்ணை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள்.

"0318. ரெண்டாயிரத்து மூணு, பதினெட்டாவது வாரம். இது எங்க சாமான் இல்ல."

அக்டோபர் 20, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்பே பேத்தி சுவிட்சைத் தட்டிவிட்டாள். விளக்கு தலைகீழாக, வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஓடும் திசையைச் சொல்லும் வரியில் ஆர்எல்எஃப்-க்குப் பதில் ஆர்ஆர்எஃப் என்று அடித்திருக்கிறாள்.

"திருத்திடவா?" என்றேன்.

"வேணாம் தாத்தா. மாத்தச் சொன்னேன், மாறிடுச்சில்ல?"